சான்றுப்பொருளின் மேல் ஒரு விளக்கு

மனித குலம் மலையைக் குடைந்திருக்கிறது, கடலின் ஆழத்தை அளந்திருக்கிறது, நிலவில் கால் பதித்திருக்கிறது. ஆனால் இருட்டைப் பகல் வெளிச்சத்தில் வைத்து ஆராய்ந்து, அது ஒன்றும் அப்படிப்பட்ட இருட்டு இல்லை என்று ஐயந்திரிபற நிரூபித்த பெருமை 'இரவுநேர மோதல் பொறுப்பு நிர்ணய ஆணைய'த்துக்கு மட்டுமே உரியது. பழுதாகி நடுரோட்டில் நிற்கும் வண்டியின் மேல் ராத்திரியில் இன்னொரு வண்டி வந்து மோதினால், தப்பு நின்றதன் மேலா, வந்ததன் மேலா என்று தீர்மானிப்பதற்காக ஏற்பட்ட அலுவலகம் அது. அந்த அலுவலகம் பகலில் மட்டுமே வேலை செய்யும். ராத்திரியில் வேலை பார்ப்பது ஊழியர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று அதன் விதிமுறையிலேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட அலுவலகத்தோடு பழகும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்த்துவிடாது. ரொட்டிக்காரருக்கு வாய்த்தது. அவர் பேக்கரியிலிருந்து பொழுது சாய்ந்ததும் வேனில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்புவார். ஆஸ்பத்திரி கேன்டீன், மாணவர் விடுதி, பஸ் நிலையத்துக் கடைகள் என்று போட்டுக்கொண்டே போய் வீடு சேருவார். வேனில் ஒரு கீறல் விழாமல் இத்தனை வருஷம் ஓட்டியவர் என்று அவருக்கே அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு ஒருநாள் வளைவைத் தாண்டியபோது, அணைந்துபோன தெருவிளக்குக்கு அடியில், சிமென்ட் குழாய் ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பது அவருக்கு மோதிய பிறகுதான் தெரிந்தது.

லாரியின் டிரைவர், "ஒரு சாமான் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனவர். இன்றுவரை அந்தச் சாமான் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ரொட்டிக்காரருக்கு இடது கால் எலும்பு முறிந்தது. அன்று ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ரொட்டிதான் போய்ச் சேரவில்லை.

மறுநாளே ஆணையம் சம்பவ இடத்துக்கு வந்தது. லாரியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டது. பின்பக்கத்தில் 'சான்றுப்பொருள், தொடாதே, நகர்த்தாதே' என்று ஒரு பலகையை மாட்டியது. பலகை கறுப்பு, எழுத்து கருநீலம். அலுவலகத்தில் அந்தப் பெயின்ட்தான் மிச்சம் இருந்தது.

கட்டுப்போட்ட காலோடு ரொட்டிக்காரர் முதல் விசாரணைக்குப் போனார். பொறுப்பு யாருடையது என்று முடிவாகும்வரை அவருடைய லைசென்ஸ் ஆணையத்தின் வசம் இருக்கும் என்றார்கள். ஆணையர் தங்கமான மனிதர். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் குற்றம் சாட்டுவார். அவருக்குப் பக்கத்தில் அளவையாளர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் எப்போதும் அளக்கிற டேப் தொங்கும் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே டேப்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் ஆணையர்.

"ஆச்சு சார்."

"அந்த ரோடு உங்களுக்குப் பழக்கமா?"

ரொட்டிக்காரருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "பழக்கமாவா? கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன் சார்."

ஆணையர் குறிப்பெடுக்கிறவர் பக்கம் திரும்பினார். "கண்களை மூடிக்கொண்டு வாகனம் செலுத்தியதாக ஒப்புக்கொள்கிறார். எழுதுங்க."

"சார், அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"விசாரணையில பேச்சுக்குத்தானே சொல்ல முடியும்?"

"லாரியில ஒரு லைட்கூட எரியலையே சார்?"

"எப்படி எரியும்? பேட்டரி செத்துப்போச்சு. செத்துப்போனது மேல குற்றம் சொல்லலாமா? நமக்குன்னு ஒரு மனசாட்சி வேண்டாமா?"

"பழுதாகி நின்னா பின்னாடி ரோட்ல சிவப்பு முக்கோணம் வைக்கணும்னு சட்டம் இருக்கே சார்?"

"முக்கோணம் இல்லைன்னு யார் சொன்னது? டேப், முக்கோணம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். சீட்டுக்கு அடியில, கவர் பிரிக்காம."

"பார்த்தீங்களா? புத்தம்புதுசு. எவ்வளவு பத்திரமா வச்சிருக்காரு" என்று ஆணையர் உருகினார். "இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். ராத்திரியில வண்டி ஓட்டுறவர், தன்னோட ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்குதோ, அந்தத் தூரத்துக்குள்ள நிறுத்துற வேகத்துலதான் வரணும். அதுவும் சட்டம்தான். நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன் சார். லாரியில முட்டித்தான் நின்னேன்."

இதற்கு அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு விதிமுறையில் இடமில்லை.

அடுத்த வாரம் நேரடி ஆய்வு. நல்ல வெயில். இரவுநேர மோதல் என்பதால் இரவின் சூழலைத் துல்லியமாக உண்டாக்க வேண்டும் என்று ஆணையர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். ஆணையர் வளைவில் நின்றபடி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"லாரி தெரியுதா டேப்?"

"நல்லாத் தெரியுது சார். நம்பர்கூடத் தெரியுது."

"எங்கே, வண்டி வர்ற மாதிரி அதை நோக்கி வேகமா வாங்க."

டேப் கைகளை ஸ்டியரிங் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு லாரியை நோக்கி ஓடினார். அவர் வயதுக்கு அது நல்ல வேகம். லாரிக்குச் சற்று முன்னால் ஆணையர், "போதும், நில்லுங்க" என்றார். டேப் நின்றார்.

"நின்னுட்டாரு" என்று ஆணையர் ரொட்டிக்காரரிடம் கனிவாகச் சொன்னார். "நிறுத்த முடியும்னு நிரூபணம் ஆகுது இல்லையா?"

"என்கிட்ட யாரும் நில்லுன்னு சொல்லலையே சார்."

"நீங்களா சொல்லிக்கணும். பெரியவங்க இல்லையா நீங்க?"

இந்த ஆராய்ச்சி ஒரு முடிவுக்கு வருவதற்குள், சங்கீத டீச்சர் ஒருவர் தன் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் அதே லாரியில் மோதினார். அவர் தேறுவதற்குள், புதுக் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய பல் டாக்டர் மோதி, தொழிலுக்கு மிக முக்கியமான முன்பல் ஒன்றை இழந்தார். ஒவ்வொரு மோதலுக்கும் லாரி கொஞ்சம் நகர்ந்தது. நகர்ந்ததும், முன்பு அளந்த அளவெல்லாம் செல்லாமல் போனது. டேப் மறுபடி முதலிலிருந்து அளந்தார். புதிய மோதலை விசாரிக்கும்வரை பழைய வழக்கை முடிக்க முடியாது, பழைய வழக்கு முடியும்வரை லாரியை நகர்த்த முடியாது, லாரி நகராதவரை புதிய மோதலுக்குக் குறைவில்லை. அலுவலகம் சுறுசுறுப்பாக இருந்தது. கூடுதலாக ஒரு மேஜையும் வாங்கிப் போட்டார்கள்.

ரொட்டிக்காரர் வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது. அவர் காலை நீட்டிப் படுத்த நாள் முதல் வேனை ஓட்டுவது அவர் மனைவி. நன்றாகவே ஓட்டினாள். அதை ஒப்புக்கொள்ள அவருக்குச் சில நாள் பிடித்தது. அவள் போகிற வழியும் அதே வழிதான். பேக்கரி இந்தப் பக்கம், ஆஸ்பத்திரியும் வீடும் லாரிக்கு அந்தப் பக்கம். அவள் கிளம்பும் நேரத்திலிருந்து வாசலில் வேன் சத்தம் கேட்கும்வரை அவருக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. மூத்த டிரைவர் என்ற கெத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அப்பட்டமாகப் பயந்தார்.

"பார்த்து வந்தியா?" என்பார்.

"பார்த்துத்தான் வந்தேன். நேத்து இருந்த இடத்துல இருக்கும்னு நினைச்சா, இன்னைக்கு ரெண்டடி இந்தப் பக்கம் தள்ளி நிக்குது. எதிர்ல ஒருத்தன் வேற கண்ணைக் கூசுற மாதிரி லைட் அடிக்கிறான். மயிரிழையில தப்பிச்சேங்க."

"வேற வழியா வாயேன்."

"கேன்டீன்காரர் அந்த ரோட்லதானே இருக்காரு? ரொட்டி பறந்தா போகும்?" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "ஒரு விளக்கு வச்சாப் போதுங்க. போய்க் கேளுங்களேன்."

கேட்டார். கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு போய்க் கேட்டார்.

"விளக்கா?" ஆணையர் பதறிப்போனார். "சம்பவ நிலை மாறிடுமே. விளக்கு இல்லாம நின்ன லாரியை விளக்கோட நிக்க வச்சா, அப்புறம் நாங்க எதை ஆராயறது? அந்தத் தெருவிளக்குல பல்பு மாத்த வந்தவங்களையே திருப்பி அனுப்பிட்டோம்."

"சார், என் வீட்டுக்காரி தினமும் அந்த வழியா வர்றா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"ஆயிடுச்சுன்னா உடனே வாங்க. முன்னுரிமை கொடுத்து விசாரிக்கிறோம்."

ரொட்டிக்காரர் யோசித்தார். தன் வாழ்நாள் பெருமையை விழுங்கினார். "சரி சார், தப்பு என்னோடதுதான். எனக்கு லைசென்ஸே வேண்டாம். எல்லாத்தையும் என் தலையில எழுதிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். கேஸை முடிச்சு லாரியை மட்டும் எடுத்துடுங்க."

ஆணையரின் முகம் முதல்முறையாகச் சுண்டியது. "தப்பை நீங்களா எடுத்துக்க முடியாதுங்க. நாங்க நிர்ணயம் பண்ணிக் கொடுக்கணும். ஆளாளுக்குத் தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டா ஆணையம் எதுக்கு?"

இந்த உயர்ந்த தத்துவத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சைக்கிள் கடைக்குப் போய், மினுக்மினுக்கென்று எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு ஒன்றை வாங்கி வந்தாள். மதியம் இருவரும் வேனில் போனார்கள். ரொட்டித் தட்டுகளை அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று, அந்தச் 'சான்றுப்பொரு'ளின் பின்பக்கத்தில் அவள் விளக்கைக் கட்டினாள். ரொட்டிக்காரர் கீழே நின்று, இடது பக்கம், வலது பக்கம் என்று மேற்பார்வை செய்தார். ஆணையத்தோடு பழகிய பழக்கம் அது.

அதற்குப் பிறகு அந்த லாரியில் யாரும் மோதவில்லை. "வளைவுல திரும்பினதுமே சிவப்பு தெரியுதுங்க. தெரிஞ்சதும் கால் தானா பிரேக்குக்குப் போயிடுது" என்றாள் அவள். ரொட்டிக்காரர் தண்ணீர் குடித்தார், தூங்கினார், அவள் கியர் மாற்றுவதைக் குறைசொல்லும் அளவுக்குத் தெம்பும் பெற்றார்.

ஆணையத்தில்தான் ஒரு சோர்வு பரவியது. புது மோதல் வரவில்லை. புது மேஜையில் தூசி படிந்தது. டேப் தன் டேப்பை இழுத்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோதல் ஏன் நடக்கவில்லை என்பதைக் கண்டறிய ஒரு துணை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு வழக்கம்போல வெயிலில் போய்ப் பார்த்ததால், மினுக்கிக்கொண்டிருந்த விளக்கைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. கண்டுபிடித்ததும் ரொட்டிக்காரருக்கு ஆள் வந்தது. நீதி அன்று மதியத்துக்கு மேல் வழங்கப்படும் என்றார்கள்.

அவர் போனபோது அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆணையருக்கு முன்னால் அரக்கு முத்திரை வைத்த ஒரு துணிப்பை இருந்தது.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சார்."

"விளக்கு யார் கட்டினது?"

"நான்தான் சார்" என்றார் ரொட்டிக்காரர் சட்டென்று. கட்டைக் கம்போடு அவர் லாரியில் எப்படி ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. ஆணையத்துக்கு அப்படிப்பட்ட அற்பச் சந்தேகங்கள் வருவதில்லை.

"விளக்குக் கட்டினதுக்கு அப்புறம் மோதல் நடந்துச்சா?"

"இல்ல சார்."

"விளக்கு இருந்தா யாரும் மோத மாட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் சார்."

"குழந்தையை விடுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிருந்தும் இத்தனை நாள் கட்டாம இருந்திருக்கீங்க."

"நீங்கதானே சார் கட்டக் கூடாதுன்னீங்க?"

"அதை மீறித்தானே கட்டினீங்க? அதை முதல் நாளே மீறியிருக்கலாமே? பாவம், அந்த டீச்சர். பாவம், அந்தப் பல் டாக்டர்."

ரொட்டிக்காரருக்குத் தலை சுற்றியது. "அப்ப ஆணையத்துக்குத் தெரியாதா சார், விளக்கு வச்சா மோத மாட்டாங்கன்னு?"

"ஆணையம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார் ஆணையர் அடக்கமாக. "அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வர்ற வழக்கம் எங்களுக்கு இல்லை."

பிறகு எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார். விளக்கின் பயனை அறிந்திருந்த ஒரே நபர் ரொட்டிக்காரர். அறிந்தும் வாளாவிருந்ததால், சங்கீத டீச்சர், பல் டாக்டர் ஆகியோர் மோதியதற்கும், தான் வந்து மோதுவதற்கு முன்பே விளக்குக் கட்டத் தவறியதால் தன் மோதலுக்கும் அவரே முழுப் பொறுப்பு. லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து. லாரி, ஆரம்பம் முதல் விசாரணைக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்ததால், அப்பழுக்கற்றது என்று அறிவிக்கப்படுகிறது. தீர்ப்பு தடிமனாக இருந்தது. ஆணையர் அதன் ஒவ்வொரு வரியையும் ரசித்து வாசித்ததில் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. ஆணையத்தின் வரலாற்றில் முதல்முறையாக அலுவலகத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள்.

அந்த அரையிருட்டில்தான் ரொட்டிக்காரர் துணிப்பையைக் கவனித்தார். பை சிவப்பாக மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது.

"சார், அது என்ன?"

"உங்க விளக்குதான். இன்னைக்கு மதியமே டேப் போய்க் கழட்டிட்டு வந்துட்டாரு. சான்றைக் கலைச்சதுக்கான சான்று."

"அப்ப லாரியில விளக்கு இல்லையா?"

"பழையபடி வச்சாச்சு. சம்பவ நிலைன்னா அப்படியே இருக்கணும்."

ரொட்டிக்காரருக்கு லைசென்ஸ் மறந்துபோனது, தீர்ப்பு மறந்துபோனது. இந்நேரம் அவள் பேக்கரியிலிருந்து கிளம்பியிருப்பாள். சிவப்பு தெரிந்தால்தான் அவள் கால் பிரேக்குக்குப் போகும். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவள் போனை எடுக்கமாட்டாள். அந்த ஊரிலேயே சட்டத்தை மதிக்கிற ஒருத்தியைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது.

"நான் போகணும் சார், உடனே போகணும்" என்று கட்டைக் கம்பைத் தேடினார்.

"இந்தக் காலோட எப்படிப் போவீங்க? வாங்க, என் கார்ல விடறேன்" என்றார் ஆணையர். தண்டித்தவரைத் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?

கார் கிளம்பியது. ரொட்டிக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவரின் காலுக்குப் பதிலாகத் தன் நல்ல காலால் தரையை அழுத்தினார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு இரண்டாகப் பிரியும். நேரே போனால் லாரி. இடது பக்கம் போனால் வயல்வெளியைச் சுற்றிக்கொண்டு போகும் மண்பாதை. டிரைவர் யாரும் சொல்லாமலே இடது பக்கம் ஒடித்தார்.

"ஏன் இந்தப் பக்கம்? நேரே போங்க" என்று ரொட்டிக்காரர் கத்திவிட்டார். "நிறுத்துங்க. இறக்கி விடுங்க."

கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் தெரிந்த முகப்பு வெளிச்சம் வேனுடையதுதான், ஒரு கண் கொஞ்சம் மங்கல். நடுரோட்டில் நின்று, கட்டைக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். வேன் கிறீச்சிட்டு, அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே ரொட்டித் தட்டெல்லாம் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

அவள் தலையை வெளியே நீட்டினாள். "உங்களுக்கு என்ன பைத்தியமா? நடுரோட்ல நிக்கிறீங்க?"

அவர் வேனின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விளக்கு இல்ல" என்றார் கடைசியில். "கழட்டிட்டாங்க."

ஆணையர் கார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சாப்பிட்டாச்சாம்மா? இருட்டின பிறகு அந்த வழியா போகவே கூடாதும்மா. வளைவைத் தாண்டினதும் ஒரு லாரி நிக்குது. ரொம்ப ஆபத்து."

அவள் வேனை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். "ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?" ஆணையர் உண்மையிலேயே புண்பட்டுப்போனார். "லாரி நின்ன முதல் வாரமே மீட்டிங் போட்டு, பொழுது சாஞ்சா மண்பாதையிலதான் போகணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும் எங்க ஆள் ஒருத்தர்கூட அதுல மோதலை."